14 வயது மகனுக்கு முதல் ஆர்சி ட்ரக்: உடைந்தால் வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய வண்டி எது?

கேள்வி
பதிந்தவர்: உடுமலை_ஃபிரிஸ்கோ

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். வரும் மே மாதம் என் மகனுக்கு 14 வயது நிறைகிறது. கடந்த ஓராண்டாக அவன் பேச்செல்லாம் ரிமோட்டில் ஓடும் ட்ரக்குகளைப் பற்றியதாகவே இருக்கிறது. இதுவரை இரண்டு வண்டிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டுமே பெரிய அங்காடி ஒன்றின் பொம்மைப் பிரிவில் எடுத்தவை. முதல் வண்டியின் ஸ்டியரிங் மூன்றாவது வாரமே நின்றுபோனது. திறந்து பார்த்தால், உள்ளே இருந்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் முறிந்திருந்தன. அந்த ஒரு சக்கரத்தைத் தனியாக வாங்க எங்கெல்லாமோ தேடியும் கிடைக்கவில்லை. இரண்டாவது வண்டியில் ரிசீவர், மோட்டாருக்கான கட்டுப்பாடு, ஸ்டியரிங் கட்டுப்பாடு எல்லாம் ஒரே சர்க்யூட் பலகையில் இருந்தன. புல்வெளித் தெளிப்பானின் நீர் அதில் பட்டதோடு வண்டியின் கதை முடிந்தது.

என் தந்தை உடுமலைப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் வீல் கோட்டம் எடுப்பதையும், பெடல் அச்சில் குண்டுகளை எண்ணிப் போட்டு கிரீஸ் தடவுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தச் சைக்கிளையும் தூக்கி எறிய வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. என் மகனுக்கும் அப்படியொரு பொருளைக் கொடுக்க விரும்புகிறேன். அவன் ஓட்டட்டும், மோதட்டும், உடைக்கட்டும். உடைந்ததை அவனே கழற்றி மாற்றட்டும்.

என்னால் செலவிட முடிந்தது மொத்தம் 400 டாலர். அவன் 60 டாலர் வரை சேர்த்து வைத்திருக்கிறான். ஓட்டும் இடங்கள் மூன்று: வீட்டுக்கு எதிரே உள்ள முட்டுச்சந்துத் தெரு, நடந்து போகும் தூரத்திலுள்ள புல்தரை, கட்டடப் பணி இன்னும் தொடங்காத ஒரு மண்மேடு. வீட்டில் ஆறு வயது மகளும் இருக்கிறாள் என்பதால் வேகத்தை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனைவியும் தயங்குகிறார்.

இரு சக்கர உந்துதல் போதுமா, நான்கு சக்கரமும் சுழல வேண்டுமா? பிரஷ் மோட்டாரா, பிரஷ்லெஸ் மோட்டாரா? பழைய வண்டி வாங்கலாமா? முதல் நாளே எந்த உதிரிபாகங்களை வாங்கி வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிந்தவர்: ஸ்பர்கியர்_மெக்கின்னி

வணக்கம் ஐயா. பத்து மைல் சுற்றளவுக்குள் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதால் பொதுவாகச் சொல்லாமல் நம் ஊர்ப் பக்கத்துக்கு ஏற்றாற்போலவே சொல்கிறேன். என் இரு மகன்களோடும் ஏழு ஆண்டுகளாக இந்த வண்டிகளை ஓட்டியும் பழுதுபார்த்தும் வருகிறேன்.

முதலில் உங்கள் இரண்டாவது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மை வண்டிக்கும், பொழுதுபோக்காக ஓட்டுவோருக்கென்றே செய்யப்படும் ஹாபி கிரேட் வண்டிக்கும் அடிப்படை வேறுபாடு நீங்கள் கண்ட அந்த ஒற்றைப் பலகையில்தான் இருக்கிறது. ஹாபி கிரேட் வண்டியில் ரிசீவர், ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ, மோட்டார் ஆகிய நான்கும் தனித்தனியாகக் கழலும். சர்வோ போனால் சர்வோவை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டுக்கும் ஓர் எண் உண்டு. கையேட்டின் விரிபடத்தில் அந்த எண்ணைப் பார்த்துக் கடையில் சொன்னால் அந்தத் துண்டு மட்டும் உறையில் வரும். ஆகவே நீடித்து உழைப்பதைப் பற்றி யார் கேட்டாலும், நான் முதலில் பார்க்கச் சொல்வது வண்டியின் உறுதியை அல்ல, உதிரிபாகம் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதைத்தான். சனிக்கிழமை காலை உடைந்த ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) அன்று மாலைக்குள் கிடைத்துவிட்டால் பையனின் ஆர்வம் குன்றாது. மூன்று வாரம் கப்பலில் வர வேண்டுமென்றால், எவ்வளவு நல்ல வண்டியும் கராஜ் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த அளவுகோலின்படி நம் பகுதிக்கு ட்ராக்சஸ் நிறுவனம் முன்னால் நிற்கிறது. அவர்களுடைய தலைமையகமே மெக்கின்னியில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஹாபி கடைகளில் சுவர் நிறைய அவர்களுடைய பாக உறைகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள். இரு சக்கர உந்துதலில் அவர்களுடைய ஸ்லாஷ், ஸ்டாம்பீட், ரஸ்ட்லர் ஆகிய மூன்றும் தோற்றத்தில் வேறு வேறாக இருந்தாலும் கியர் பெட்டி, சஸ்பென்ஷன் ஆர்ம்கள் போன்ற பல பாகங்கள் மூன்றுக்கும் பொது. அதனால்தான் அந்தப் பாகங்கள் கடையில் தீர்ந்துபோவதை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

மூன்றில் உங்கள் மகனுக்கு நான் சொல்வது ஸ்லாஷ். 2008 முதல் விற்பனையில் உள்ள, பத்தில் ஒரு பங்கு அளவிலான ஷார்ட் கோர்ஸ் (மண்தடப் பந்தய வகை) ட்ரக் அது. சக்கரங்களை ஓரளவு உள்ளடக்கிய அகலமான பாடியும், முன்னும் பின்னும் பெரிய பம்பர்களும், பக்கவாட்டுத் தடுப்புகளும் அதற்கு உண்டு. நடைபாதை ஓரக்கல்லில் மோதும்போது அடியின் பெரும்பங்கைச் சக்கரத்துக்கு முன்பே பம்பர் வாங்கிக்கொள்ளும். ஸ்டாம்பீட் உயரமான மான்ஸ்டர் ட்ரக். புல்லிலும் மேட்டிலும் நன்றாக ஏறும், ஆனால் தெருவில் வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடும். ரஸ்ட்லர் தாழ்வானது, தெருவில் அருமையாக ஓடும், புல்லில் வயிறு தட்டும். ஸ்லாஷுக்கும் குறை உண்டு. அந்த அகன்ற பாடி, தாவும்போது அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கிவிடும். காற்றில் இருக்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் மூக்கு இறங்கும். பையன்கள் இதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

மோட்டாரைப் பொறுத்தவரை முதல் ஆண்டுக்குப் பிரஷ் மோட்டாரே போதும் என்பது என் உறுதியான கருத்து. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் அதில் தேயும் (பிரஷ்லெஸ்ஸில் அது கிடையாது), ஓரிரு ஆண்டில் மோட்டாரையே மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அதன் விலை குறைவு, இரண்டு திருகுகளில் கழன்றுவிடும். மாற்றும் வேலையே பையனுக்கு நல்ல பாடம். ஸ்லாஷின் பிரஷ் வகையில் வரும் எக்ஸ்.எல்.5 என்னும் ஈ.எஸ்.சி.யில் பயிற்சி முறை ஒன்று உள்ளது. முன்னோக்கியும் பின்னோக்கியும் பாதி ஆற்றலை மட்டும் கொடுத்து, பிரேக்கை முழுமையாக விட்டுவைக்கும் முறை அது. ரிமோட்டை இயக்கிவிட்டு, ஈ.எஸ்.சி.யின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, பிறகு சிமிட்டத் தொடங்கும். மூன்று முறை சேர்ந்தாற்போல் சிமிட்டும்போது விட்டுவிட்டால் பயிற்சி முறை அமைந்துவிடும். உங்கள் மகள் தெருவில் இருக்கும் வரை வண்டி இந்த முறையில்தான் ஓட வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள்.

எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரக்கல்லில் மோதினால் முன் ஆர்மோ அதன் முனையில் சக்கரத்தைத் தாங்கும் துண்டோ முறியும், அல்லது ஆர்மைக் கோத்திருக்கும் கம்பி வளையும். இவை உடைவது நல்லதற்கே. விலை குறைந்த இந்தத் துண்டு அடியை வாங்கிக்கொண்டு உடைவதால்தான் உள்ளே ஆர்மைத் தாங்கும் பல்க்ஹெட்டும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும் தப்பிக்கின்றன. இதை அறியாத பலர் முதல் முறை உடைந்ததுமே பளபளக்கும் அலுமினிய ஆர்ம்களை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அலுமினியம் முறியாது, வளையும். அல்லது அடியை அப்படியே உள்ளே கடத்தி, கழற்ற ஒரு மணி நேரமாகும் பாகத்தை உடைக்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆர்.பி.எம். போன்ற நிறுவனங்கள் செய்யும், வளைந்து நிமிரக்கூடிய தடித்த நைலான் ஆர்ம்களைப் போடுங்கள்.

முதல் நாளே வாங்க வேண்டியவை அதிகமில்லை. முன் ஆர்ம் ஒரு ஜோடி, ஆர்ம் கம்பிகள் ஒரு தொகுதி, மோட்டாரின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் ஒன்று, பாடியைப் பிடிக்கும் கிளிப்புகள் ஒரு கைப்பிடி. கிளிப்பில்லாத புதிய வகைப் பாடி என்றால் கடைசிப் பொருள் தேவையில்லை. கருவிகளுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். 1.5, 2.0, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர்கள் (அறுகோண முனைத் திருப்புளிகள்) நல்ல எஃகில் இருக்க வேண்டும். மலிவான டிரைவரின் முனை மழுங்கித் திருகின் தலையையும் மழுங்கடித்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

நம் ஊர் மண்ணைப் பற்றி ஒன்று. இங்குள்ள கரிய களிமண், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே, ஈரமானால் வீங்கி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்கு மறுநாள் நீங்கள் சொன்ன மண்மேட்டில் வண்டியை விட்டால், பத்து நிமிடத்தில் டயரும் ஆர்மும் மண்ணால் அடைந்து மோட்டார் திணறும். மண்மேட்டை உலர்ந்த நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த புல்லும் இதே போலத்தான் மோட்டாரைச் சுடவைக்கும். ஒரு பேட்டரி தீர்ந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அது ஆறும் வரை அடுத்த பேட்டரியைப் போட வேண்டாம். கோடையில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

மறுமொழி 2
பதிந்தவர்: ஸ்காபுறோ_அம்மா

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஸ்காபுறோ பகுதியில் வசிக்கிறேன். இந்த வாகனங்களை ஓட்டுபவர் என் மகள். இப்போது அவளுக்கு 15 வயது. மேலே எழுதிய அண்ணாவின் கருத்துகளில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு வேறு அனுபவம் உண்டு.

புல்தரையும் மண்மேடும் இரண்டு பங்கு, தெரு ஒரு பங்கு என்றால் நான்கு சக்கர உந்துதலையே நான் தெரிவு செய்வேன். இரு சக்கர வாகனத்தில் விசையை ஒரேயடியாக அழுத்தினால் பின்பக்கம் சுழன்று வாகனம் திசைமாறிப் போகும். அதை அடக்கி ஓட்டுவது ஒரு திறமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் என் மகள் முதல் மாதம் முழுவதும் சலித்துப்போய், ரிமோட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனதை நான் மறக்கவில்லை. பிறகு ஆர்மா நிறுவனத்தின் கிரானைட் வகையில் பிரஷ் மோட்டார் பூட்டிய நான்கு சக்கர மான்ஸ்டர் ட்ரக்கை வாங்கினோம். புல்லிலும் சரளையிலும் பனியிலும் அது நேராகப் போகிறது. இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் முன்னும் பின்னும் இரண்டு, நடுவே ஒரு தண்டு எனப் பாகங்கள் கூடும், பராமரிப்பும் கூடும் என்பது உண்மைதான். ஆயினும் தொடக்கத்தில் பிள்ளை ஓட்டி மகிழ வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

பற்றரியைப் பற்றி உங்கள் மனைவிக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் எனக்கும் அதே பயம் இருந்தது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பற்றரியில் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், லைப்போவில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். 2எஸ் என்று எழுதியிருந்தால் இரண்டு செல்கள், 7.4 வோல்ட் என்று பொருள். லைப்போ செல்லை முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட். அதற்கு மேலே ஏற்றுவதும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடுவதும், ஊசி போன்ற ஏதாவது துளைப்பதும்தான் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. நெருப்புக்கு அஞ்சும் வீட்டார் முதல் ஆறு மாதங்களுக்கு நிக்கல் பற்றரியிலேயே ஓட்டலாம். வேகம் சற்றுக் குறையும், ஓட்டம் முடிய முடியச் சோர்ந்துபோகும். ஆனால் பிள்ளைக்குச் சார்ஜ் செய்யும் ஒழுங்கு அந்தக் காலத்தில் கைவந்துவிடும்.

லைப்போவுக்கு மாறும்போது எங்கள் வீட்டு விதிகள் இவை. செல்களைச் சமன்செய்யும் பலன்ஸ் சார்ஜர் இல்லாமல் ஏற்றுவதில்லை. 5000 மில்லி ஆம்பியர் மணி பற்றரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் கொடுப்பதில்லை. கராஜில், சீமெந்துத் தரையில், தீத்தடுப்புப் பைக்குள் வைத்து, வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றுகிறோம். ஓட்டம் முடிந்து சில நாள்களுக்கு எடுக்கப்போவதில்லை என்றால், சார்ஜரிலேயே உள்ள சேமிப்பு முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவிடுகிறோம். வீங்கிய பற்றரியை மகள் தொடுவதில்லை. அதை நான் பற்றரி சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைக்கிறேன். டெக்சஸில் இன்னொரு விதியும் தேவைப்படும் என நினைக்கிறேன்: கோடையில் பற்றரியைக் காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது.

ஈ.எஸ்.சி.யில் குறைந்த வோல்ட்டைக் கண்டறிந்து நிறுத்தும் வசதி இயங்குகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழக்குங்கள். அண்ணா சொன்ன எக்ஸ்.எல்.5 கருவியில், வாகனத்தை இயக்கியதும் விளக்கு பச்சையாக எரிந்தால் அந்த வசதி இயங்குகிறது, சிவப்பாக எரிந்தால் இயங்கவில்லை. சிவப்பாக எரியும்போது லைப்போவைப் போட்டு ஓட்டினால், செல் எவ்வளவு இறங்கினாலும் வாகனம் ஓடிக்கொண்டே இருக்கும், பற்றரி கெட்டுப்போகும்.

குளிரைப் பற்றி உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. இருந்தாலும் ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போகும் காலைகளில் பிளாஸ்டிக் ஆர்ம்கள் கண்ணாடி போல முறியும் என்பதையும், உறைந்த லைப்போவைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நைலான் ஆர்ம்களைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் நைலான் நீரை உறிஞ்சி நெகிழ்ச்சி பெறும். ஒவ்வொரு நவம்பரிலும் மகளும் நானும் இதற்கென்று ஒதுக்கிய பழைய பாத்திரத்தில் இதைச் செய்கிறோம்.

பதிந்தவர்: உடுமலை_ஃபிரிஸ்கோ

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பற்றரி பற்றிய சகோதரியின் பகுதியை என் மனைவி இரண்டு முறை படித்தார். கராஜில் சார்ஜ் செய்வதாக இருந்தால் சம்மதம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சிக்கல் மகனிடம்தான். 3எஸ் லைப்போவில் மணிக்கு 50 மைல் ஓடும் பிரஷ்லெஸ் வகையைப் பார்த்துவிட்டு அதுவே வேண்டும் என்கிறான். தன்னுடைய 60 டாலரையும் அதற்கே தருவதாகச் சொல்கிறான். அது பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உறுதியான பாகங்களோடு வருகிறது, ஆகவே அதுதான் நீண்ட நாள் உழைக்கும் என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருக்கிறதா? இதே பகுதியில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் ஓட்டிய ஸ்லாஷை விற்பதாகவும் பார்த்தேன். வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 3
பதிந்தவர்: ஸ்பர்கியர்_மெக்கின்னி

உங்கள் மகனின் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. அந்த வகை வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டும் டிஃபரென்ஷியலும் கூடுதல் உறுதியோடுதான் வருகின்றன. ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 30 மைலில் ஓரக்கல்லில் மோதும் வண்டியைவிட, அதே எடையுள்ள வண்டி 50 மைலில் மோதும்போது ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலை ஆர்ம் தாங்க வேண்டும். பாகங்களின் உறுதி அந்த அளவுக்குக் கூடிவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இந்தச் சூத்திரம் அவனுக்கு வரப்போகிறது. தாளில் கணக்குப் போட்டு அவனிடமே காட்டுங்கள். என் மூத்த மகனுக்கு அப்படித்தான் காட்டினேன், மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான்.

பாதுகாப்பின் கணக்கு இதைவிட முக்கியமானது. 50 மைல் என்பது நொடிக்கு 22 மீட்டர். உங்கள் மகள் பந்தைத் துரத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தால், அவன் கண்டு உணர்ந்து விரலை எடுக்கும் அரை நொடிக்குள் 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி 11 மீட்டர் கடந்துவிடும். முட்டுச்சந்துத் தெருவில் அந்த வேகத்துக்கு இடமே இல்லை. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் ஐயா, நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓராண்டு கழித்து, திறந்த மைதானமும் உங்கள் துணையும் இருக்கும்போது, 2எஸ் பேட்டரிக்கென்றே வடிவமைத்த மிதமான பிரஷ்லெஸ் தொகுதியை வாங்கி இதே ஸ்லாஷில் அவனே பொருத்தலாம். அப்போது அந்த 60 டாலர் பயன்படட்டும்.

இரு சக்கரமா நான்கா என்பதில் சகோதரி சொன்னதை நான் மறுக்கவில்லை. அவருடைய மகள் பனியில் ஓட்டுகிறாள், உங்கள் மகன் பாதி நேரம் தெருவில் ஓட்டப்போகிறான். அத்துடன் 400 டாலருக்குள் சார்ஜர், இரண்டாவது பேட்டரி, பை, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் இரு சக்கர வண்டியே இடம் கொடுக்கும். வண்டிக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாதீர்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். பாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சைக்கிள் வீலில் ஆட்டம் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பேரிங் போயிருந்தால் அதே ஆட்டம் கையில் தெரியும். அது மலிவான வேலை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். பின் சக்கரங்களில் ஒன்றை முன்னோக்கிச் சுழற்றினால் மற்றது பின்னோக்கி மென்மையாகச் சுழல வேண்டும். நெறுநெறு என்று உணர்ந்தால் டிஃபரென்ஷியல் பற்கள் தேய்ந்திருக்கின்றன. சேசிஸின் அடியில் முன் ஆர்ம் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிவிட்டு விடுங்கள், நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். அலுமினிய ஆர்ம்களோ, வண்டிக்குப் பொருந்தாத பெரிய டயர்களோ போட்டிருந்தால் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள். விற்பவர் லைப்போ பேட்டரியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது எப்படி நடத்தப்பட்டது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை.

மறுமொழி 4
பதிந்தவர்: சிங்கை_கிட்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தன் கையால் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், தாமியா நிறுவனத்தின் பாகத் தொகுதி ஒன்றை வாங்கி முதலிலிருந்தே கோக்கச் சொல்லலாமே என்று சொல்ல வந்தேன். நான் அந்த வழியில் வந்தவன். 1987இல் வெளிவந்த லஞ்ச் பாக்ஸ் என்னும் சிறிய வேன் வடிவ வண்டிதான் எனக்கு முதல். ஒவ்வொரு பையாகப் பிரித்து, கியர் பெட்டியை நாமே அடுக்கும்போது, எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்பது கைக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு எது உடைந்தாலும் திறக்கத் தயக்கம் வராது.

ஆனால் நீங்கள் கேட்பது மோதி உருளும் வாழ்க்கை. அதற்கு அந்தப் பழைய வடிவமைப்பு ஈடுகொடுக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிமோட், சர்வோ, பேட்டரி, சார்ஜர், வண்ணம் எல்லாம் தனித்தனியாக வாங்கும்போது உங்கள் தொகையும் தாண்டிவிடலாம். எனவே ஓட வாங்கும் முதல் வண்டி ஸ்லாஷாக இருக்கட்டும். கோக்கும் தொகுதியை அடுத்த பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் தொகுதி கோத்தவர்கள் முதல் நாளில் கற்றுக்கொள்ளும் இரண்டு பழக்கங்களை உங்கள் மகனுக்கும் சொல்ல விரும்புகிறேன். உலோகத்தில் இறங்கும் உலோகத் திருகுக்கு மட்டுமே, அது தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசை ஒரு சொட்டு இட வேண்டும். அது பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் நாளடைவில் வெடித்துவிடும். பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தை மோட்டார் தண்டில் பிடிக்கும் சின்னத் திருகு அப்படிப்பட்ட இடம். அது தளர்ந்தால் மோட்டார் இரையும், வண்டி நகராது, பையன் மோட்டார் போய்விட்டதென்று நினைப்பான்.

இன்னொன்று, ரிமோட்டை முதலில் இயக்கி வண்டியைப் பிறகு இயக்க வேண்டும். நிறுத்தும்போது வண்டி முதலில், ரிமோட் பிறகு. இந்த வரிசை மாறினால் வண்டி கட்டளை இல்லாமல் பாய்ந்துவிட இடமுண்டு. எங்கள் வீட்டில் ரிமோட்டின் பின்புறம் ஒரு தாளில் எழுதியே ஒட்டியிருந்தேன்.

பதிந்தவர்: உடுமலை_ஃபிரிஸ்கோ

மீண்டும் நன்றி. மகனும் நானும் தாளில் கணக்குப் போட்டோம். 2.8 என்ற விடை வந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்; பிறகு பயிற்சி முறையை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். தங்கை வெளியில் இருக்கும் நேரமெல்லாம் என்று சொன்னேன், ஏற்றுக்கொண்டான்.

பழைய வண்டியை நேற்று மாலை போய்ப் பார்த்தோம். சக்கரங்களில் ஆட்டம் இல்லை, ஆனால் பின்பக்கத்தில் நீங்கள் சொன்ன நெறுநெறுப்பு இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். விற்றவரும் நல்ல மனிதர், விலையைக் குறைக்க முன்வந்தார். இருந்தும் முதல் வண்டியே கியர் பெட்டியைப் பிரிக்கும் வேலையோடு தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்து, பிரஷ் மோட்டார் பூட்டிய புதிய ஸ்லாஷையே எடுப்பதாக இருக்கிறோம். முதல் ஆறு மாதம் நிக்கல் பேட்டரி. ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஸ்பர் கியரை மாற்ற வேண்டி வந்தால், பினியனுக்கும் அதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 5
பதிந்தவர்: ஸ்பர்கியர்_மெக்கின்னி

முதலில் உங்கள் வண்டியில் மோட்டார் நிலையான துளைகளில் பொருந்துகிறதா என்று பாருங்கள்; அப்படியென்றால், கையேடு சொல்லும் துளையில் மாட்டினாலே இடைவெளி தானாகச் சரியாகிவிடும். மோட்டார் நகரக்கூடிய அமைப்பென்றால் நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே நுழையுங்கள். மோட்டாரை ஸ்பர் கியரை நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் திருகுகளை இறுக்குங்கள். பிறகு கியரைக் கையால் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் விசிறி போல மடிப்பு விழுந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் நெருக்கம் அதிகம். மடிப்பே விழாவிட்டால் தளர்ச்சி அதிகம், பற்கள் வழுக்கித் தேய்ந்துவிடும். தாளை எடுத்த பிறகு ஸ்பர் கியரை நான்கு இடங்களில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் விரலால் லேசாக அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு மெல்லிய அசைவு தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஸ்பர் கியர் கோணலாக அமர்ந்திருக்கிறது. கழற்றி, பின்புறம் சிக்கிய மண்ணைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டட்டும்.